மழைக்காட்டைப் பூட்டி வைத்தால் போதுமா?

திருகோணமலையில் ஒரு பாடசாலையின் சூழல் கழகத்தைப் பொறுப்பெடுத்து நடத்தும் ஆசிரியை ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "சிங்கராஜ போன்ற மழைக்காடுகளில் உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் உண்டு என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அவற்றைக் காப்பாற்ற, ஆட்களை உள்ளே விடாமல் காட்டைப் பூட்டி வைத்தால் போதாதா? இங்கே உலர்வலயத்தில் இருக்கிற நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு மூலையில் ஒதுங்கி வாழும் உயிர்க்கூட்டத்துக்கு ஆபத்து எந்த வழியால் வருகிறது? அது பிடிபட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வரும்.

எனக்கும் திருகோணமலைதான் ஊர். பேராதனையில் தாவரவியல் படித்து, பிறகு பல ஆண்டுகள் தென்மேற்குக் காடுகளில் தாவரக் கணக்கெடுப்பு வேலைகளில் இருந்தேன். மரம், விதை, காட்டின் அமைப்பு பற்றிச் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டு கைப்பட அளந்தது. தவளை, பறவை பற்றிச் சொல்வது அந்தத் துறைகளில் உழைத்தவர்களிடம் கற்றது. காணிச் சட்டம் என் துறை அல்ல. அது வரும் இடத்தில் ஒரு ஊர்வாசியாகத்தான் பேசுவேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால், பூட்டு கட்டாயம் தேவை, ஆனால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி காட்டின் ஓரத்திலும், காடென்று யாரும் கணக்கெடுக்காத சின்னச் சின்னத் துண்டுகளிலும் கிடக்கிறது.

முதலில் ஒரு விடயத்தைச் சரிசெய்துகொள்வோம். அந்த உயிர்கள் தனித்துப் போனதற்குக் காரணம் சுற்றியிருக்கும் கடல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இலங்கை அவ்வளவு தூரத்துத் தீவு அல்ல. பாக்கு நீரிணை ஆழமற்றது. பனியூழிக் காலங்களில் கடல் மட்டம் நூறு மீற்றருக்கு மேல் இறங்கியபோது இங்கிருந்து இந்தியாவுக்கு நடந்தே போகலாம். யானையும் சிறுத்தையும் அப்படி வந்தவைதான். ஆனால் 2004இல் சயன்ஸ் ஆய்விதழில் வந்த ஒரு மரபணு ஆய்வு, தவளைகள், நன்னீர் நண்டுகள், நன்னீர் மீன்கள், மண்ணுக்குள் வாழும் பாம்புகள் ஆகியவற்றை எடுத்துப் பார்த்து, நிலம் திரும்பத் திரும்ப இணைந்திருந்தும் இலங்கையின் ஈரக்காட்டு உயிர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்களோடு பெரிதாகக் கலக்கவில்லை என்று காட்டியது. நடுவில் அவற்றை மறித்தது என்ன என்பதற்கு அதிகம் ஏற்கப்படும் விளக்கம், இடையில் கிடந்த வறண்ட நிலம். ஈரத்தோலோடு வாழும் ஒரு தவளைக்கு மன்னாரும் வவுனியாவும் திருகோணமலையும் கடல் மாதிரித்தான்.

இதை விளங்கிக்கொள்ள நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நல்ல வசதி இருக்கிறது. வைகாசி தொடங்கி நம் பக்கம் வீசும் கச்சான் காற்று அவர்களுக்குத் தெரியும். முகத்தை எரிக்கும், கிணற்றை இறக்கும். அதே காற்று தென்மேல் பருவக்காற்றாகக் காலி, இரத்தினபுரிப் பக்கம் நுழையும்போது ஈரம் சுமந்து வருகிறது. மலைகளில் ஏறும்போது அந்த ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் இறங்குகிறது. சிங்கராஜவில் ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் மழை. நமக்கு ஏறத்தாழ 1,600, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரைக்குள். ஆகவே மழைக்காடு என்பது தீவுக்குள் இருக்கும் இன்னொரு தீவு. நம்முடைய பாலை, வீரை, முதிரைக் காடுகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. இன்று தாழ்நில மழைக்காடு நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. நாட்டுக்கே உரிய உயிரினங்களில் மிகப் பெரும் பங்கு அதற்குள்ளும் மலைக்காடுகளுக்குள்ளும் அடங்கிக் கிடக்கிறது.

எண்ணிக்கைகளை அடுக்குவதை விட ஒன்றை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம். இலங்கையில் 120க்கு மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உண்டு, பத்தில் ஒன்பது இங்கு மட்டுமே. அவற்றில் பெரிய குடும்பம் புதர்த்தவளைகள். கட்டைவிரல் நகத்தில் உட்காரக்கூடிய அளவில்கூடச் சில இனங்கள் இருக்கின்றன. உயர்தர உயிரியல் பாடத்தில் தவளையென்றால் முட்டை, வாற்பேத்தை, பிறகு தவளை என்று படம் போடுவோம் அல்லவா? இவற்றில் வாற்பேத்தை கிடையாது. சில இனங்களில் தாய் ஈர மண்ணைப் பின்காலால் கிண்டி முட்டையிட்டு மூடுகிறது. சில இனங்கள் பச்சை இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போகின்றன. கண்ணாடி போன்ற முட்டைக்குள்ளேயே வளர்ச்சி எல்லாம் நடந்து, கடைசியில் காலும் கையுமாகச் சின்னத் தவளை வெளியே வருகிறது. குளமோ ஓடையோ அதற்குத் தேவையில்லை, காற்று மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். இலைக்கு மேலே இருக்கும் பெரிய மரத்தின் நிழல் போய்விட்டால், முட்டை அந்தச் சில வாரங்களுக்குள் உலர்ந்துவிடும். தவளையை யாரும் பிடிக்கவில்லை, கொல்லவில்லை, காட்டின் கதவும் பூட்டியபடியே இருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் அடுத்த தலைமுறை இல்லை. பூட்டு ஏன் போதாது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்காகப் பூட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1970களின் தொடக்கத்தில் பிளைவுட் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜவில் இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டினார்கள். மக்களும் சூழல் ஆர்வலர்களும் விடாமல் எதிர்த்ததால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோளக் காப்பகம், 1988இல் தேசிய மரபுரிமை வனப்பகுதி, அதே 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று அடுத்தடுத்துப் பாதுகாப்பு வந்தது. அன்று அந்தக் குரல் எழாமல் இருந்திருந்தால் இன்று நாம் பேச ஒரு காடே இருந்திருக்காது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மத்திய மலைநாட்டின் சிவனொளிபாத மலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததும் அதே வகையான பெறுமதியுள்ள வேலை.

ஆனால் வேலியும் வர்த்தமானி அறிவித்தலும் தடுப்பது மனிதனின் கோடரியை மட்டும்தான். உலகின் மற்றத் தீவுகள் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றன. பசிபிக் கடலின் குவாம் தீவில் காடு அப்படியே நிற்கிறது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் சரக்கோடு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு அந்தத் தீவின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை ஒழித்துவிட்டது. பாம்பில்லாத தீவில் பழகிய பறவைகளுக்கு அதிலிருந்து தப்பத் தெரியவில்லை. ஹவாயில் வெளியிலிருந்து வந்த நுளம்பு பறவை மலேரியாவைப் பரப்பியது. உள்ளூர்த் தேன்பறவைகள் நுளம்பு ஏறமுடியாத குளிர்ந்த மலையுச்சிகளுக்கு ஒதுங்கின. எந்தக் காவலாளியும் நுளம்பிடம் அனுமதிச்சீட்டுக் கேட்க முடியாது.

நம்முடைய காட்டுக்குள் வருவது வேறு வழியால், ஓரத்தால். சிங்கராஜவின் பழைய எல்லையைப் படத்தில் பாருங்கள். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளம், வடக்குத் தெற்காக அதிக பட்சம் 7 கிலோமீற்றர் அகலம். நீண்டு ஒடுங்கிய வடிவம் என்பதால் பரப்போடு ஒப்பிட்டால் விளிம்பு அதிகம். ஒரு முழுப் பாண் இரண்டு நாள் மென்மையாக இருக்கும். அதையே துண்டு துண்டாகப் பிய்த்து மேசையில் வைத்தால் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். காடும் அப்படித்தான் ஓரத்திலிருந்து காய்கிறது. விளிம்பில் வெயில் பக்கவாட்டாக நுழைகிறது, காற்று நுழைகிறது, தரையிலுள்ள இலைக்குப்பை உலர்கிறது. வெயில் கிடைத்த இடத்தில் கிளிடெமியா என்ற அமெரிக்கப் புதர் ஏறிக்கொள்கிறது. இலை முழுக்க மயிர், ஊதா நிறத்தில் சின்னப் பழம். கொண்டைக்குருவிகள் ஆசையோடு தின்று, விதையை உள்ளே கொண்டுபோய்ப் போடுகின்றன. ஒரு பெரிய மரம் இயல்பாகச் சாய்ந்து சிறு வெளி உண்டாகும்போது, அங்கே முளைக்க வேண்டிய உள்ளூர்க் கன்றுகளை முந்திக்கொண்டு அது நிற்கும். ஓரத்தோடு நாயும் பூனையும் வரும், தோட்டத்து மருந்து ஓடைநீரோடு வரும். ஒரு தெருவை வெட்டினால், காட்டின் நடுவிலேயே புதிதாக இரண்டு ஓரங்களைத் திறந்துவிடுகிறோம். 2020இல் சிங்கராஜ ஓரமாக லங்காகமக் கிராமத்துக்குத் தெரு போடும் விவகாரத்தில் நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது நினைவிருக்கும். அந்தக் கிராமத்தவருக்குத் தெரு வேண்டும் என்பது நியாயம்; நோயாளியைக் கட்டிலில் சுமந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் தெருவின் அகலம், அதன் இருபக்கமும் மரக்கூரை மேலே சேர்ந்து நிற்கிறதா, தெரு திறந்தபின் கரையோரக் காணிகள் யார் கைக்குப் போகின்றன ஆகிய மூன்றும்தான் காட்டின் விதியைத் தீர்மானிக்கும். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

விதையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது. இந்தக் காட்டின் பெரிய மரங்கள் பல, சிங்களத்தில் ஹொர, தூன் என்று அழைக்கப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் அந்தக் குடும்பத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள். ஏறக்குறைய எல்லாமே நாட்டுக்கு உரியவை. ஹொர மரத்தின் காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள். சுழன்று இறங்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் வெகுதூரம் போகாது. தாய்மரத்திலிருந்து சில பத்து மீற்றருக்குள் விழுந்துவிடும். விழுந்த விதை காத்திருக்காது. நம்மூர் வாகை விதையையோ கொன்றை விதையையோ போத்தலில் போட்டு ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். இதை வைத்தால் சில நாட்களில் செத்துவிடும். ஈர மண் கிடைத்தால் உடனே முளைக்கும், முளைத்த கன்று நிழலில் பல ஆண்டுகள் முழங்கால் உயரத்தில் நின்று, மேலே ஒரு வெளி திறக்கும்வரை பொறுத்திருக்கும். ஆகவே காட்டின் சேமிப்பு என்பது மண்ணுக்குள் இருக்கும் விதை அல்ல, தரையில் நிற்கும் இந்தக் கன்றுக்கூட்டம். காட்டை ஒருமுறை வெட்டி எரித்தால் சேமிப்பு முழுதும் போய்விடுகிறது. கெகில்ல எனப்படும் பன்னம் பாய்விரித்தாற்போல் மூடிக்கொள்ளும், வறட்சியில் தீப்பிடிக்கும், மறுபடி அதுவே முளைக்கும். பூட்டிவிட்டு எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அங்கே ஹொர தானாக வந்து சேராது.

இதற்கு வழி இருக்கிறது என்பதையும் நம் நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். சிங்கராஜவின் ஓரத்தில் ஒருகாலத்தில் பைன் மரங்களை வரிசையாக நட்டார்கள். பைன் தோப்புக்குள் மழைக்காடு தானாக வளரவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமல் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, பைன் மரங்களில் சில வரிசைகளை மட்டும் அகற்றி, திறந்த இடத்தில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். பைன் முழுவதையும் வெட்டாமல், அதையே நிழற்குடையாக வைத்துக்கொண்டது இதில் முக்கியம். கன்றுகள் பிடித்தன, இன்று அவை உயர்ந்து நிற்கின்றன. இதே குழுவினர்தான் சிங்கராஜவுக்குள் 25 ஹெக்டேயர் நிலத்தை 1990களிலிருந்து அளந்து, விரற்கடைத் தடிப்புள்ள கன்று முதல் ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டார்கள். 2 இலட்சத்துக்கும் அதிகமான மரங்கள். இவ்வளவு பொறுமையான வேலை இருப்பதால்தான் எந்த மரம் எந்தச் சரிவை விரும்புகிறது, எதை எங்கே நட வேண்டும் என்று இன்று துணிந்து சொல்ல முடிகிறது.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் துண்டுகளுக்கு வருகிறேன். என் மனதில் அதிகம் கிடந்து உறுத்துவது இதுதான். சிங்கராஜ, கன்னெலிய போன்ற பெரிய பெயர்கள் வரைபடத்தில் இருக்கின்றன. ஆனால் ஈரவலயம் முழுதும், ஒரு குன்றின் தலையில், இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு விகாரைக்குப் பின்னால் என்று சின்னச் சின்னக் காட்டுத் துண்டுகள் மிஞ்சி நிற்கின்றன. சில உயிரினங்கள் இவற்றில் மட்டுமே இருக்கின்றன. பந்துல என்று பெயரிடப்பட்ட சிறு கெண்டை மீன் 1991இல் விவரிக்கப்பட்டது; அதன் இயற்கை வாழிடமாக அறியப்பட்டது கேகாலை மாவட்டத்தில் கலாபிட்டமடையருகே ஒரு சிற்றோடை. ஓடை வயலையும் வீட்டுவளவையும் தொட்டு ஓடுகிறது. அதைச் சுற்றி வேலிபோட முடியாது. அந்த மீன் பிழைத்திருப்பது கரையில் வாழும் குடும்பங்கள் ஓடைக்குள் என்ன கொட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்னொன்று, அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்ட குரூடியா சிலானிக்கா என்ற மரம். அது 2019இல் கம்பஹா மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 2021இல் அதிவேகப் பாதைக்காக அதையே வெட்டப் போனபோது எழுந்த எதிர்ப்பால் தப்பியது. எந்தச் சரணாலயத்துக்குள்ளும் அல்ல, ஊருக்கு நடுவில் நின்ற மரம்.

இப்படிப்பட்ட துண்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு மெலிந்தது. எச்சக் காடுகள் என்று சொல்லப்படும் இவற்றின் நிர்வாகத்தைப் பிரதேச, மாவட்டச் செயலகங்களிடம் மாற்றும் சுற்றறிக்கை 2020இல் வந்தபோது சூழல் அமைப்புகள் நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் அதுதான். அதே நேரத்தில், நம் பகுதி மக்களுக்கு இதில் வேறொரு வலி இருப்பதை நான் மறைக்க மாட்டேன். போரில் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, பாட்டன் வெட்டிய வயலில் காடு வளர்ந்து, வரம்பில் எல்லைக்கல் நிற்பதைக் கண்டவர்கள் திருகோணமலை மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களிடம் போய் "காடு காப்போம்" என்று சொன்னால், "யாருடைய காணியில்?" என்று கேட்பார்கள். கேட்பது சரி. காட்டோரத்தில் வாழ்பவரைக் கேட்காமல் கொழும்பில் கோடு போட்டால், அந்தக் கோட்டைக் காக்க ஆயிரம் காவலாளிகள் போதாது. தென்மேற்கில் காடு நிற்கும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் கிராமத்தவருக்கு அதனால் ஒரு வருமானமோ மரியாதையோ கிடைக்கிற இடங்களாக இருக்கும்: சிங்கராஜவின் குடாவ வாசலில் வழிகாட்டிகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் தன் காணியின் மேல் எல்லையில் ஒரு வரிசை உள்ளூர் மரம் விட்டால், இரண்டு துண்டுக் காடுகளுக்கு நடுவில் குரங்கும் பறவையும் கடக்க வழி கிடைக்கும். மரத்தில் இருந்து இறங்க விரும்பாத ஊதாமுகக் குரங்குக்கு இது உயிர்ப் பிரச்சினை. தரையில் இறங்கினால் நாய், மேலே தாவினால் மின்கம்பி.

சந்தேகமுள்ள இடங்களையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது இவற்றை உறுதியான உண்மை போலச் சொல்ல வேண்டாம். இலங்கையின் தவளைகளில் 20 அளவிலான இனங்கள் அற்றுப்போனவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. எதனால் என்பதற்கு ஒரே முடிவான பதில் இல்லை. காடழிப்புதான் பிரதான காரணம் என்று பலரும் கருதுகிறார்கள், வேறு நாடுகளில் தவளைகளைக் கொன்ற பூஞ்சை நோய் இங்கே அப்படிக் கூட்டமாகக் கொன்றதற்குச் சான்று கிடைக்கவில்லை. அற்றுப்போனது என்ற சொல்லே சில நேரம் பொய்த்துவிடுகிறது. 1853இல் விவரிக்கப்பட்டு அதன்பின் 150 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாத நட்சத்திரப் புள்ளிப் புதர்த்தவளை 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் மீண்டும் கிடைத்தது. புதிதாகவும் கிடைக்கின்றன. தீபால் வாரகாகொட என்ற பறவை ஆய்வாளர் 1995இல் கித்துல்கலவில் இரவில் அறியாத ஒரு குரலைக் கேட்டு, விடாமல் பின்தொடர்ந்து, 2001இல் சிங்கராஜவில் அந்தச் சிறு ஆந்தையை நேரில் கண்டார். 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளியில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போவதற்கும் மண், காற்று மாசு, வறட்சி என்று பல விளக்கங்கள் பேசப்படுகின்றன, ஒன்றும் முடிவாகவில்லை. வெப்பநிலை உயர உயர மலைக்காட்டு உயிர்கள் மேலே நகரும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் நம் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அதற்கு மேல் போக இடமில்லை. எந்த இனம் எப்போது அந்த எல்லையை முட்டும் என்று இன்று யாரும் திகதி குறிக்க முடியாது.

சரி, திருகோணமலையில் இருந்துகொண்டு என்ன செய்வது? அது நம் காடு இல்லை என்ற எண்ணத்தை முதலில் விடலாம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து விழுவது நம் கொட்டியார் குடாவில். மூதூர், சேருவில பக்கத்து வயல்களுக்குப் பாயும் தண்ணீரின் ஒரு பங்கு ஹோட்டன் சமவெளிப் பக்கத்து மலைக்காடுகள் பஞ்சுபோல் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல விட்ட தண்ணீர். உங்கள் கழகப் பிள்ளைகளிடம் ஆற்றை முகத்துவாரத்திலிருந்து மேலே மேலே வரைந்துகொண்டு போகச் சொல்லுங்கள். பாடம் அதிலேயே இருக்கிறது.

அடுத்தது வியாபாரம். மழைக்காட்டில் மூக்கில் கொம்புள்ள ஓணான்கள் உண்டு, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. இலைக்குப்பையில் அசையாமல் இருந்தால் மிதித்துவிடுவோம் போலிருக்கும். வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் இவற்றுக்குப் பெரிய விலை. அதனால்தான் 2019இல் இலங்கையின் முயற்சியால் இவை காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். எந்த விலங்கை எங்கே பார்க்கலாம் என்று துல்லியமாகக் கேட்கும் பயணியிடம் இடத்தைச் சொல்லாமல் இருப்பதும், படம் எடுத்தால் இடக்குறி இல்லாமல் பதிவிடுவதும் அவர்களால் முடிந்த உண்மையான உதவி. தொட்டியில் வளர்த்த மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடாதிருப்பதும் அதே வகை. "டாங்க் கிளீனர்" என்று வாங்கும் மீன் இப்படி விடப்பட்டுத்தான் நாட்டு நீர்நிலைகளில் பெருகியது.

மரம் நடும் ஆசை இருந்தால் மழைக்காட்டு மரத்தை இங்கே கொண்டுவந்து நட வேண்டாம், பிழைக்காது. பாலை, வீரை, கருங்காலி, முதிரை நடுங்கள். விதையை உங்கள் பிரதேசத்துக் காட்டு மரத்திலிருந்தே எடுங்கள். நம் காட்டிலும் நாட்டுக்கே உரியவை உண்டு: கன்னியா, மொறவெவப் பக்கம் விடியற்காலையில் கூவும் காட்டுக்கோழி இலங்கையில் மட்டுமே வாழ்கிறது, கோயில் மதிலில் ஏறித் தேங்காய் பறிக்கும் செங்குரங்கும் அப்படியே. பிள்ளைகள் பாதுகாப்பை அங்கிருந்து பழகட்டும்.

பயணத்தைப் பற்றி: கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். காணாத காட்டுக்காக எந்தப் பிள்ளையும் குரல் கொடுக்காது. ஆனால் டிசம்பரை விட ஆகஸ்ட் விடுமுறை நல்லது. மழை இல்லாத மாதம் என்று அங்கே ஒன்று இல்லை, என்றாலும் அப்போது கொஞ்சம் ஓயும். முதன்முறை போகிறவர்களுக்குக் குடாவ வாசலே வசதி. உள்ளே போகும் பாதை பெரும்பாலும் பழைய மரவெட்டுப் பாதைதான், வெட்டுப்பட்ட காடு நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து எப்படி மீண்டிருக்கிறது என்று நேரிலே காட்டலாம். பறவைக் கூட்டம் வரும் இடமும் அது. செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் சலசலத்துக்கொண்டு முன்னால் வரும், கொண்டைக் கரிச்சான் காவலுக்கு மேலே நிற்கும், கூடவே பல இனங்கள் சேர்ந்து மரம் மரமாக நகரும். பேராசிரியர் சரத் கொட்டகம 1980களிலிருந்து ஆராய்ந்த காட்சி இது. கூட்டம் வரும்போது பிள்ளைகள் கத்தாமல் நின்றாலே போதும், தலைக்கு மேலாகப் போகும். பறவைக் குரலைப் போனில் போட்டு அழைக்க விடாதீர்கள், கூடு கட்டும் காலத்தில் அது பறவையை அலைக்கழிக்கும். பொலித்தீன் உறையில் சோற்றுப் பொதி கட்டாமல் வாழையிலையில் கட்டுங்கள். அட்டைக்காகச் சவர்க்காரமோ மருந்தோ பூசிய காலோடு ஓடையில் இறங்க விடவேண்டாம். நீண்ட காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்து விட்டால் போதும். சப்பாத்தின் அடியை ஊரிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஒட்டிய மண்ணில் நம் பக்கத்துக் களைவிதை போய்விடும். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், அவருக்கு உரிய கூலியைக் குறைக்கவும் வேண்டாம் ரீச்சர். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று எழுதினால், காட்டில் எதைக் கவனித்துக் குறிக்கலாம் என்று ஒரு செயற்தாள் தயாரித்துத் தருகிறேன்.